வாசலில் ஒரு செம்புத் தகடு

எம். புதுப்பட்டி மனநல மையத்தின் வாசலில் வீரலட்சுமி இன்றைக்கும் நின்றுவிடுகிறாள். அவள் வேலை பார்த்த பட்டாசுக் கம்பெனியில், பொறி தட்டி மருந்து பற்றிக்கொள்ளாதிருக்க, அறைக்குள் நுழையுமுன் செம்புத் தகட்டில் கைவைத்து உடம்பு மின்சாரத்தை இறக்கிவிடுவது வழக்கம். வெடிவிபத்தில் பிழைத்து வந்தபின், தகடில்லாத அறைக்குள் அவளுக்குக் கால் எழவில்லை. வீட்டிலும் வெளியேதான் படுக்கை. அயர்லாந்திலிருந்து உளவியல் பயிற்சிக்கு வந்திருக்கும் மாணவி நோரா ஒருநாளும் "பயப்படாதீங்க" என்று சொன்னதில்லை. வாசலுக்கே வந்து கூடவே வெயிலில் உட்கார்ந்துவிடுவாள். என்ன பொறுமை இந்தப் பிள்ளைக்கு! இன்று நிலைச்சட்டத்தில் ஒரு செம்புத் தகடு கோணலாக மினுங்குகிறது. நோரா அதில் உள்ளங்கையைப் பதித்துவிட்டு உள்ளே போகிறாள். அவள் கட்டைவிரல் கன்றிப் போயிருப்பதை வீரலட்சுமி பார்க்கிறாள். "நீயா அடிச்ச தாயி?" நோரா தலையாட்டுகிறாள். வீரலட்சுமி தழும்பேறிய கையைத் தகட்டில் வைக்கிறாள். "சுத்தியல் பிடிக்கத் தெரியாம எம்புட்டு வீக்கம்! மஞ்சப் பத்துப் போடணும், காட்டு இங்கன" என்று சொல்லிக்கொண்டே நிலைப்படியைத் தாண்டுகிறாள்.