நாற்பத்தோராம் பக்கம்

ஒற்றைச் செருப்பு உள்ளேயே கிடக்கிறது. இருட்டில் யாருடைய பாப்கார்னையோ தட்டிவிட்டு ஓடி வந்திருக்கிறேன்.

தியேட்டரின் பெண்கள் கழிப்பறை. உள்ளே புகுந்து தாழ்ப்பாள் போடுகிறேன்.

“என்ன பாப்பா, பேயப் பாத்துட்டியா?” பெருக்குகிற அக்கா கதவுக்கு வெளியே சிரிக்கிறாள். “காலைல இருந்து நீ மூணாவது ஆளு.”

பேயைப் பார்த்து நான் ஓடி வரவில்லை.

அந்தப் பேயைச் சின்ன வயதிலிருந்தே தெரியும். அப்பா எழுதியது. பஸ் ஸ்டாண்டு கடைகளில் கிளிப் போட்டுத் தொங்கிய மாத நாவல். இன்றைக்குப் படமாக வந்திருக்கிறது. ‘கதை, திரைக்கதை’ என்று அப்பா பெயர் வந்தபோது முதல் விசில் என்னுடையது.

அப்பாவின் பேய்க்கு ஒரு விதி. அது ஒருமுறைதான் கூப்பிடும்; பதில் கொடுக்கக் கூடாது. மறுபடி கூப்பிட்டால் மனுஷர்.

வீட்டில் அதை வைத்து ஒரே விளையாட்டு. அம்மா அடுப்படியிலிருந்து ஒரே ஒருமுறை கூப்பிடுவாள். நான் மூச்சுக்கூட விடமாட்டேன். அவளால்தான் சிரிப்பை அடக்க முடியாது.

“அடியே, நாந்தான்டி. வந்து தேங்காயத் துருவு.”

மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு மத்தியானம். அப்பா அச்சகத்துக்குப் போயிருந்தார். நான் முன்னறையில் அதே நாவலின் மறுபதிப்புக்குப் புரூஃப் பார்த்துக்கொண்டிருந்தேன். சிவப்புப் பேனா. நாற்பத்தோராம் பக்கம்.

“தாரிணி.”

ஒருமுறை.

நான் காத்திருந்தேன். சிரித்துக்கொண்டு.

மூன்றாவது விசிலில் அம்மா குக்கரை அணைத்துவிடுவாள். நான்கு. ஐந்து.

ஏழாவது விசிலில் எழுந்து போனேன்.

மாரடைப்பு என்றார்கள். “அம்மா உன்னக் கூப்பிடலையா பாப்பா?” என்று அப்பா கேட்டார். மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தேன் என்றேன்.

அவர் அதற்குமேல் கேட்கவில்லை.

இன்று, இடைவேளை முடிந்ததும், நாவலில் இல்லாத ஒரு காட்சி.

ஒரு சிறுமி புரூஃப் பார்க்கிறாள். அடுப்படியிலிருந்து குரல். ஒருமுறை. அவள் எழுந்திருக்கவில்லை. பேனா முனை தாளிலேயே நிற்கிறது. மை ஊறுகிறது. ஒரு சிவப்புப் புள்ளி. பெரிதாகிறது. திரை முழுக்கப் பரவுகிறது.

தியேட்டரே கத்தியது.

நான் அந்தச் சிறுமியின் முகத்தைப் பார்த்தேன். சிரித்துக்கொண்டிருந்தாள்.

பக்கத்து இருக்கையில் அப்பா. அவர் திரையைப் பார்க்கவில்லை.

அந்தப் புள்ளியை எனக்குத் தெரியும். நாற்பத்தோராம் பக்கம், பாதி வரியில். அதற்குப் பிறகு ஒரு திருத்தம்கூட இல்லை. தாள்களை மேசையிலேயே போட்டுவிட்டுத்தான் அன்றைக்கு ஓடினேன்.

காரியமெல்லாம் முடிந்து, அவற்றை எடுத்து அடுக்கி அச்சகத்துக்குக் கொண்டுபோனவர் அப்பா.

“பாப்பா, வெளிய ஒருத்தர் ரொம்ப நேரமா நிக்காரு. கைல ஒத்தச் செருப்பு. உங்கப்பாவா?”

துடைப்பச் சத்தம் நிற்கிறது.

“தாரிணி.”

கொஞ்சம் விட்டு, மறுபடியும்.

“தாரிணி.”

அம்மா போனதிலிருந்து அவர் என்னை ஒருமுறை மட்டும் கூப்பிட்டதே இல்லை. அவர் பழக்கம் அப்படி என்று நினைத்திருந்தேன்.

கதவைத் திறக்க வேண்டும்.

பயப்படாதே என்கிறாரா, மறக்காதே என்கிறாரா?