வாசலில் வறுத்த கருவாடு

தங்களில் ஒருவரைப் பேரரசராகத் தேர்ந்தெடுக்க ஏழு பேரை அறைக்குள் வைத்துப் பூட்டியிருந்தார்கள். முப்பது நாளில் முடிவு வராவிட்டால் வெறும் ரொட்டியும் தண்ணீரும்தான் என்பது ஆணை. நாற்பது நாளாகியும் யாரும் விட்டுக்கொடுக்கவில்லை.

பேரரசர் கையெழுத்தில்லாமல் நிலாவிலிருந்து கப்பல் கிளம்பாது. தலைப்பிரசவத்துக்கு என் மகள் பொற்கொடி அதில்தான் வர வேண்டும்.

அந்த ஏழு பேருக்கும் சமைப்பவள் நான். அறை வாசலிலேயே அடுப்பைப் போட்டு, நெத்திலிக் கருவாட்டை வறுத்து, மின்விசிறியைக் கதவுப் பக்கம் திருப்பினேன்.

காவலர் பதறினார். "அக்கா, இது ஆணைக்கு விரோதம்."

"சாப்பிடத்தானே கூடாது? மோந்து பாக்கக் கூடாதுன்னு எங்க போட்டிருக்கு?"

இரண்டாவது சட்டி வறுபடும்போதே, முடிவாகிவிட்டது என்று உள்ளே மணி அடித்தது. புதுப் பேரரசர் தட்டோடு வெளியே வந்தார்.

"கப்பலுக்குக் கையெழுத்துப் போட்டுட்டு உக்காருங்க, ஐயா" என்றேன்.