பென்சில் அழுத்திய கோடு

ஓவியன் ஒருவனின் மேசையில் கறுப்புப் பென்சில் ஒன்று இருந்தது. எந்தப் படமானாலும் முதலில் வரைவது அதுதான். அந்தக் கோடுகளின் மேல் பேனா மையால் வரையும். மை காய்ந்ததும் ரப்பர் வந்து பென்சில் கோடுகளைத் துடைத்துவிடும். அதன் பிறகுதான் கலர் பென்சில்கள் இறங்கும். இப்படியே வரைந்து வரைந்து பென்சில் சுண்டுவிரல் அளவுக்குத் தேய்ந்துவிட்டது. எந்தப் படத்திலும் அதன் கோடு ஒன்றுகூட இல்லை.

“என்ன அண்ணே, இந்தப் படத்துக்காவது தாங்குவீங்களா?” என்று பேனா சிரித்தது.

அன்று ஒரு பெண்ணின் முகம். நெற்றியையும் மூக்கையும் பென்சில் வழக்கம்போல் மெல்ல வரைந்தது. கன்னத்துக்கு வந்ததும் இருந்த பலத்தையெல்லாம் கூட்டி, தாளில் பள்ளம் விழும்படி ஒரு கோடு இழுத்தது. ‘இதை அழிக்கட்டும் பார்க்கலாம்.’

முகத்தில் சேராத கோடு என்று பேனா அதன் மேல் வரையாமல் விட்டது. மை காய்ந்ததும் ரப்பர் அதையும் அழித்துவிட்டுப் போனது. பென்சில் சோர்ந்து கிடந்தது.

பிறகு சிவப்புப் பென்சில் வந்து கன்னத்தில் தேய்த்தது. பள்ளத்துக்குள் மட்டும் நிறம் இறங்கவில்லை. கண்ணோரத்திலிருந்து வாய் வரை, வெட்டுக்காயம் போல ஒரு வெள்ளைக் கோடு தெரிந்தது. தேய்க்கத் தேய்க்க அது இன்னும் பளிச்சென்று ஆனது.

“ஐயையோ, அழகான முகமாச்சே! யாரு இழுத்த கோடு இது?” என்று சிவப்பு அலறியது.

இந்தக் கேள்விக்காகத்தான் பென்சில் இத்தனை காலம் காத்திருந்தது. அது அந்த முகத்தைப் பார்த்தது.

“எனக்குத் தெரியாது” என்றது.