வெட்டுப்படாத சிப்பாய்

யுத்தம் நடந்த வருஷம். சேலத்தில் சப்-இன்ஸ்பெக்டர் சின்னராஜ் மீசையை முறுக்கினால் ஏற்காட்டில் காபிச் செடி நடுங்கும். கள்ள அரிசி வண்டிகளைத் தேடிக்கொண்டிருந்தவர், அதை அப்படியே போட்டுவிட்டு ஒரு ஜப்பான் ஒற்றனைப் பிடித்துவிட்டார்.

ஒற்றன், செவ்வாய்ப்பேட்டை மளிகை வியாபாரி நசுருல்லா. ஆத்தூர் சிநேகிதர் காளியண்ணனோடு தபாலிலேயே சதுரங்கம் ஆடுகிறவர். கார்டுக்கு ஒரு நகர்த்தல்.

தபாலாபீஸில் நகலெடுத்த பத்துக் கார்டுகள் ஸ்டேஷன் மேஜைமேல் கிடந்தன.

“பத்துக் கார்டு போயும் ஒரு சிப்பாய் சாகலை. இது ஆட்டமா, பாய்? கட்டத்துக்கு ஒரு இடம்னு வெச்சு, எங்கெங்க குண்டு போடணும்னு ஜப்பான்காரனுக்கு எழுதுறீங்க. தூக்குதான்.”

“நானுங்களா? பல்லி கத்தினாலே கடையைச் சாத்துறவனுங்க, எஜமான்.”

சதுரங்க சங்கச் செயலாளர் மணியன் வரவழைக்கப்பட்டார். கார்டுகளைப் பார்த்துப் பலகையில் காய்களை நகர்த்தினார். ஆனந்தத்தில் அவருக்குக் கண்ணீரே வந்துவிட்டது.

“சிசிலியன்னு ஒரு ஆட்ட முறைங்க. அதுலயும் மூடின வகை. நடுவைத் திறக்காம, வேலிக்கு ரெண்டு பக்கமும் நின்னு மொறைச்சுக்கிற பங்காளிங்க மாதிரி. இப்போதைக்கு யாரும் சாகமாட்டாங்க. அசல் ஆட்டமுங்க.”

சின்னராஜுக்குப் பதவி உயர்வு போயிற்று. பதிலுக்குச் சதுரங்கப் பித்து வந்தது. ஒரு மணி நேரம் பலகையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. டீ ஆறி, ஏடு கட்டி, அதில் ஈ விழுந்து நீச்சலும் பழகிவிட்டது.

“ஏனுங்க மணியன், ராஜாவுக்கு வலப்பக்கச் சிப்பாயை நாலாம் கட்டத்துக்குத் தள்ளினா?”

“அடுத்தது அதேதானுங்க. பாய் ஏன் யோசிக்கிறாரோ.”

நசுருல்லா எழுந்தே விட்டார். “அந்தக் கட்டம் மட்டும் வேண்டாமுங்க, எஜமான். வேற எங்க வேணும்னாலும் சொல்லுங்க.”

“பயமா, பாய்? எழுதுங்க. இல்லேன்னா மறுபடி ஜப்பானுக்குப் போயிடுவோம்.”

நசுருல்லா எழுதிக் கொடுத்தார். சின்னராஜே நடந்துபோய்க் கார்டைப் பெட்டியில் போட்டார். பதில் வரும்வரை பாய் ஸ்டேஷனிலேயே இருக்கட்டும் என்றும் உத்தரவு போட்டார். ரகசியமாக வேறு காயை நகர்த்திவிட்டால்?

நசுருல்லா மூன்று நாளாகச் சோற்றைத் தொடவில்லை. தோல்வி பயம் என்று சின்னராஜ் ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தார்.

நான்காம் நாள் காலை ஸ்டேஷன் வாசலில் ஆறு மாட்டுவண்டிகள் வந்து நின்றன.

முன்வண்டிக்காரன் இறங்கிக் கும்பிட்டு, “காளியண்ணன் மில்லு அரிசிங்க, அறுபது மூட்டை, இந்தத் தடவை இந்தக் கட்டத்துல இறக்கச் சொல்லிக் கார்டு வந்துச்சாமுங்க” என்றான்.