கடைவாய்

மூன்று மாதமாக உலகம்மாளுக்குக் கஞ்சிகூட இறங்கவில்லை. நெஞ்சில் நின்று திரும்பி வந்தது. பெரியாஸ்பத்திரியில் டாக்டரம்மா அவளைக் கேட்டதற்கெல்லாம் புருஷன் சொரிமுத்துதான் முந்திக்கொண்டு பதில் சொன்னான்.

"பீடி, சிகரெட் உண்டா?"

"அவ பீடி சுத்துவா டாக்டரம்மா. குடிக்கது நாந்தான்."

"தண்ணி?"

"பொம்பளைக்கு ஏது அதெல்லாம்?"

இரண்டு கட்டத்திலும் 'இல்லை' விழுந்தது. படிவம் அதோடு முடிந்துவிட்டது.

பதினாலு வயதில் பீடித்தட்டை மடியில் வைத்த நாளிலிருந்து, ஆயிரம் பீடி முடியும்வரை பசி தெரியாமலிருக்க ஒரு சிட்டிகைப் புகையிலைத் தூளைக் கடைவாயில் அடக்கிக்கொள்வாள். அவள் தெருவில் எல்லாப் பெண்களும் செய்வதுதான். அதை ஒரு பழக்கம் என்று யாரும் சொன்னதில்லை.

"வேற ஏதாச்சும் சொல்லணுமாம்மா?" டாக்டரம்மா முதன்முறையாக அவள் முகத்தைப் பார்த்தார்.

சொல்ல இருந்தது. வாயைத் திறந்தால் காலையில் அடக்கிய தூள் தெரிந்துவிடும். துப்பவும் இடமில்லை. சொரிமுத்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். உலகம்மாள் கண்ணை இறுக மூடிக்கொண்டு விழுங்கினாள்.

அது மட்டும் இறங்கியது.

"ஒண்ணுமில்ல, டாக்டரம்மா."