மிஞ்சிய சொல்

பக்கவாதம் வந்து மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பிய ஞானசேகரனிடம் ஒரே ஒரு சொல்தான் மிஞ்சியிருந்தது. டியர். முப்பது வருடமாக மனைவி அம்சவேணியை "இந்தா" என்று மட்டுமே கூப்பிட்டவர் அவர். அந்தச் சொல் இத்தனை நாள் அவருக்குள் எங்கே இருந்தது என்று யாருக்கும் தெரியவில்லை. ஊசி போட வந்த நர்ஸையும் டியர் என்றார், மின்விசிறியைப் பார்த்தும் டியர் என்றார். பார்க்க வந்தவர்கள் சிரிப்பை அடக்கிக்கொண்டார்கள். அம்சவேணி சிரிக்கவில்லை, உற்றுக் கேட்டாள். இழுத்துச் சொன்னால் முதுகு அரிக்கிறது. வெடுக்கென்று சொன்னால் காபி ஆறிவிட்டது. வந்திருப்பவர் எப்போது கிளம்புவார் என்று கேட்பதற்கும் ஒரு டியர் இருந்தது.

பெங்களூரிலிருந்து வந்த மகள் நிர்மலா, அங்கே ஒரு முதியோர் இல்லத்தில் அப்பாவுக்கு இடம் பார்த்திருப்பதாகச் சொன்னாள். "என்னப்பா, போலாமா?"

"டியர்" என்றார் அவர்.

"பாரும்மா, சரிங்கறார்."

"வேணாங்கறார்" என்றாள் அம்சவேணி.

"உன் வசதிக்கு அர்த்தம் சொல்லாதம்மா."

"என் வசதியப் பாத்தா போகட்டும்னு சொல்லிருப்பேன். தெனமும் தூக்கி உக்கார வைக்கறது நான்தானே."

ஞானசேகரன் அசைகிற இடது கையால் மனைவியின் முந்தானையைப் பிடித்து, மிக மெதுவாக இன்னொரு முறை சொன்னார். "டியர்."

"இதுக்கு என்னம்மா அர்த்தம்?" என்றாள் நிர்மலா.

"அது உனக்கில்ல" என்று சொல்லிவிட்டு அம்சவேணி கட்டிலில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.