மருந்தாலதான்

“பயப்படாத ரஞ்சிதா. பாப்பாவுக்கு ஊசியில மயக்க மருந்து ஏத்திட்டுத்தான கண்ணுல வெளிச்சம் அடிச்சு டெஸ்ட் எடுத்தாங்க? அந்த மருந்தாலதான் விழித்திரை வேலை செய்யலையாம்” என்றான் பார்த்திபன்.

செங்கல்பட்டு ஆஸ்பத்திரியிலிருந்து கோவளம் திரும்பும் பஸ்ஸில், ஒரு வயது தன்ஷிகா ரஞ்சிதாவின் மடியில் அரைத்தூக்கத்தில் கிடந்தாள்.

“மருந்து எறங்கினா சரியாப்பூடுமா?”

“பூடும். அடுத்த தபா டெஸ்ட் எடுத்தா தெரிஞ்சிடும்.”

ரஞ்சிதா தலையாட்டினாள். அவள் முகம் தெளிந்ததில் அவனுக்கு ஆறுதல்.

மறுநாள் காலை கடலிலிருந்து திரும்பியவன் வாசலிலேயே நின்றுவிட்டான். குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. ரஞ்சிதா துப்பட்டாவால் தன் கண்களை இறுகக் கட்டிக்கொண்டு, சுவரைத் தடவித் தடவி நடந்துகொண்டிருந்தாள்.

“இன்னா பண்ற?”

“வூட்டுல எது எங்க இடிக்குதுன்னு பாத்துக்கினு கீறேன். பாப்பா நடக்கறப்போ சொல்லித் தரணும்ல?”

“அதான் மருந்தாலன்னு சொன்னேனே...”

“மருந்தால டெஸ்ட்டு அளவு கொஞ்சம்தான் கொறையும், பாப்பாவுக்குப் பொறவியிலயே பார்வை இல்லன்னு டாக்டரு உன்னாண்ட சொன்னப்போ, கதவாண்டதான் நின்னுகினு இருந்தேன் மாமா.”

“பஸ்ஸுலயே கேட்டிருக்கலாமே?”

“அத்தினி பேர் நடுவுல நீ அழுதுடுவியோன்னுதான்.”

பார்த்திபன் வாசற்படியில் உட்கார்ந்து, அடக்க மாட்டாமல் அழுதான். கண்கட்டை அவிழ்க்காமலேயே, அழுகை கேட்ட திசையில் கைகளை நீட்டியபடி ரஞ்சிதா மெல்ல நடந்து வந்தாள்.